அத்தை மேல் நான்கு நாள்

ககோஷிமா, ஜப்பான்
4-9-1988

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

சாமு எழுதுவது. இந்தக் கடிதத்தைத் தனியாகப் படிக்கவும். பக்கத்தில் அப்பா இருந்தால் மடித்து இடுப்பில் செருகிக்கொள்ளவும்.

நவம்பர் கடைசியில் எங்கள் வகுப்பை நான்கு நாள் எரிமலைக்கு அழைத்துப் போகிறார்கள். சகுராஜிமா என்று பெயர். வேடிக்கை பார்த்துவிட்டு வரும் பயணம் இல்லை. மேலே ஏறிக் கல் எடுத்து, எங்கெங்கே எத்தனை விரற்கடை சாம்பல் படிந்திருக்கிறது என்று அளந்து வர வேண்டும். அதை வைத்துத்தான் என் ஆராய்ச்சிக் கட்டுரை. கட்டுரை இல்லையென்றால் மார்ச்சோடு ஸ்காலர்ஷிப் நின்றுவிடும். மூட்டை கட்டிக்கொண்டு மீனம்பாக்கத்தில் வந்து இறங்க வேண்டியதுதான்.

போவதற்கு அப்பா கையெழுத்து வேண்டும். வெளிநாட்டுப் பிள்ளைகளை வீட்டார் ஒப்புதல் இல்லாமல் படகிலேயே ஏற்ற மாட்டார்களாம். படிவம் நவம்பர் பதினைந்துக்குள் இங்கே வந்து சேர வேண்டும்.

கல்லை மேசைமேல் வைத்துக் கண்ணாடி வழியாகப் பார்க்கிற படிப்பு என்றுதான் அப்பா நினைத்துக்கொண்டிருக்கிறார். அப்படிச் சொன்னது நான் இல்லை, நீங்கள். 'மலைப்பக்கமே போவ மாட்டா, நான் கியாரண்டி' என்று நீங்கள் அடித்துப் பேசியதால்தான் என்னை விமானம் ஏற்றினார். பல்லாவரம் குவாரியில் வேட்டு வெடித்து உங்கள் இடது காது போன நாளிலிருந்து, மலை, வெடி என்ற இரண்டு வார்த்தையும் நம் வீட்டில் யாரும் சொல்வதில்லை. இப்போது இரண்டும் ஒன்றாகச் சேர்ந்த இடத்துக்குப் போக அவரிடம் எப்படிக் கேட்பது?

மாட்டிவிட்டது நீங்கள். வழியும் நீங்களே சொல்லுங்கள்.

சாமுண்டீஸ்வரி

*

கிழக்குத் தாம்பரம்
17-9-88

சாமுவுக்கு உன் பெரியப்பன் ஜெயவேலு எழுதிகினது.

நான் ஆறாங்கிளாஸ் பாதியில வுட்டவன். எழுத்து அப்பிடி இப்பிடி போவும். நீ படிச்ச பொண்ணு, கூட்டிப் படிச்சுக்கோ.

உன் லெட்டர் நல்ல நேரத்துல வந்துச்சி. உங்கப்பன் ஆபீசுக்குப் பூட்டான், உங்கம்மா ரேஷன் கடைக்குப் பூட்டா. போஸ்ட்மேன் சின்னப்பன் நேரா என் கையில குட்த்தான். எப்பவும் இப்பிடி அமையாது கண்ணு. இந்த வூட்ல எந்தத் தபால் வந்தாலும் ரேடியோ மேல வெச்சிருவாங்க. சாயந்தரம் உங்கப்பன் வந்து, மூஞ்சி கழுவி, காபி குட்ச்சிட்டு, பிரிச்சி உரக்கப் படிப்பான். கரண்டு பில்லைக்கூட உரக்கத்தான் படிப்பான்.

அதனால இனிமே எரிமலைன்னு எழுதாத. அதுக்கு பதிலா ஒரு பேரு ரெடி பண்ணிட்டேன். 'அத்தை'ன்னு எழுது.

சிரிக்காத. யோசிச்சிப் பாரு. எப்பவும் புகைஞ்சிகினே இருக்கும். எப்ப வெடிக்கும்னு எவனுக்கும் தெரியாது. வெடிச்சா சுத்துப்பட்டுல ஒருத்தன் நிக்க முடியாது. ஆனா பாக்க சோக்கா இருக்கும். நம்ம ராஜகீழ்ப்பாக்கம் அங்காளம்மாவ வுட்டா உலகத்துல வேற யாரு? என் கூடப் பொறந்தவதான், நான் சொல்லாம வேற எவன் சொல்லுவான்.

ஜப்பான்ல ஒரு வயசான அம்மா கீறாங்க, உன்ன பொண்ணு மாதிரி பாத்துக்கிறாங்க, நீ அவங்கள அத்தைன்னு கூப்பிட்றேன்னு உங்கப்பன் காதுல இப்பவே போட்டு வெச்சிட்டேன். அவனும் 'நல்லதாப் போச்சிண்ணே, பெரியவங்க ஒருத்தர் பக்கத்துல இருக்கணும்'னான். நீ கையெழுத்து போடற பாரத்த அனுப்பு. ஜப்பான் எழுத்துலயே இருக்கட்டும், அவன் படிக்க முடியாது. அத்தை வூட்ல நாலு நாள் தங்க பர்மிசன்னு எழுது. மீதி எங்கிட்ட வுடு.

எப்பிடி என் மூளை? குவாரியில காதுதான் போச்சி, மூளை போவல.

ஜெயவேலு

*

ககோஷிமா
29-9-1988

அன்புள்ள பெரியப்பாவுக்கு, அப்பா அம்மாவுக்கும் சேர்த்து,

நான் நலம். இங்கே அத்தையும் நலம்.

அத்தை இருக்கும் இடம் ஊருக்கு எதிரே, கடலைத் தாண்டி. படகில் பதினைந்து நிமிடம். ஜன்னலைத் திறந்தால் முதலில் தெரிவது அத்தைதான். அத்தை தினமும் புகை விடுவார்கள். சில நாள் நான்கு தடவைகூட. காற்று இந்தப் பக்கம் அடித்தால் ஊர் முழுக்கச் சாம்பல். துணி காயப்போட முடியாது. வெயில் காலத்திலும் சனங்கள் குடை பிடித்துக்கொண்டுதான் கடைக்குப் போகிறார்கள். யாரும் குறை சொல்வதில்லை. பழகிவிட்டது.

அத்தை இருமினால் ஹாஸ்டல் ஜன்னல் எல்லாம் அதிரும். இந்த வருடம் அத்தையின் வயிறு கொஞ்சம் உப்பியிருக்கிறது. எங்கள் பேராசிரியர் வாராவாரம் அளந்து எழுதுகிறார். முப்பது வருடமாக அவர் அத்தையை விட்டுக் கண்ணை எடுத்ததில்லை.

ஆனால் அத்தை நல்லவர்கள். அந்த மண்ணில் முள்ளங்கி பூசணிக்காய் அளவு விளைகிறது.

நவம்பரில் வகுப்போடு நான்கு நாள் அத்தையிடம் போகிறேன். இடுப்பு வரைதான் ஏற விடுவார்கள், வாய்ப்பக்கம் போக யாருக்கும் அனுமதி இல்லை. அப்பா இத்துடன் உள்ள படிவத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பவும்.

அன்புடன்
சாமு

*

கிழக்குத் தாம்பரம்
12-10-88

சாமுவுக்கு,

பேஜாராப் போச்சி.

உன் லெட்டர் வந்த அன்னிக்கின்னு பாத்து உங்கத்தை அங்காளம்மா வடகம் எடுத்துகினு வந்திருந்தா. நெசமான அத்தை. அவகிட்ட நான் ஒண்ணியும் சொல்லி வெக்கல. உங்கப்பன் காபிய குட்ச்சான், பிரிச்சான், ஆரம்பிச்சான்.

'அத்தை தினமும் புகை விடுவார்கள்'னு படிச்சான். உங்கத்தை வாயில வெத்தலை. அப்பிடியே நின்னுச்சி.

"யார்றா தசரதா புகை வுட்றது?"

"இரு அக்கா, படிக்கிறேன்ல."

'அத்தை இருமினால் ஜன்னல் எல்லாம் அதிரும்.'

"போன மாசம் எனக்கு இருமல் வந்துச்சி, ஆமா. அதையுமா அண்ணே எழுதி அனுப்பிச்சே ஜப்பானுக்கு?"

நான் காது கேக்காத பக்கத்த அவளுக்குக் காட்டிகினு ஒக்காந்தேன். அப்பால உங்கப்பன் வயித்துக்கு வந்தான். உப்பியிருக்குன்னு படிச்சான். வாராவாரம் அளக்கிறாங்கன்னு படிச்சான். அவன் எதையும் நிறுத்திப் படிக்கிறவன் இல்லியே. அவ எழுந்து நின்னுட்டா.

"அங்காளம், அது நீ இல்ல. ஜப்பான்ல ஒரு அம்மா. அவங்களத்தான் அத்தைன்னு கூப்பிட்றா"ன்னேன். அதோட வுட்ருவான்னு பாத்தா, அதுதான் ரொம்ப தப்பாப் போச்சி.

"நான் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் கீறேன். அவளுக்கு அங்க இன்னொரு அத்தையா? தலைக்கு ஊத்தி ஜடை பின்னி காலேஜுக்கு அனுப்புனது யாரு, இந்த முள்ளங்கிக்காரியா?"

செருப்ப மாட்டிகினு பஸ்சுக்குப் பூட்டா. வடகத்தையும் எடுத்துகினு பூட்டா.

சரி, இவனாவது கையெழுத்து போடுவான்னு பாரத்த நீட்டுனேன். உங்கப்பன் கண்ணாடிய கழட்டினான்.

"அண்ணே, அந்தம்மா சுருட்டு புடிக்கிறாங்க. ஊரே குடை புடிச்சிகினு போற அளவுக்கு சாம்பல் தட்றாங்க. ஒரு வாத்தியார் முப்பது வருஷமா அவங்களையே பாத்துகினு கீறானாம். வாராவாரம் வயித்த வேற அளக்குறானாம். அவனோட போயி அவங்க வூட்ல என் பொண்ணு நாலு நாள் தங்கணுமா? வாய்ப்பக்கம் போக முடியாதாம், அவ்ளோ கெட்ட வாயாம். நான் கையெழுத்து போட மாட்டேன்."

பாரம் இப்ப ரேடியோவுக்கு அடியில கீது.

ஏம்மா, நான் அத்தைன்னு எழுதச் சொன்னேன். உன்ன யாரு அத்தைய இவ்ளோ விவரமா எழுதச் சொன்னது?

இனிமே உன் லெட்டரு நேரா என் கைக்கு வரும். சின்னப்பனுக்கு ஸ்டாம்பு சேக்கற பைத்தியம். ஜப்பான் ஸ்டாம்ப கிழிச்சி தரேன்னேன், ஒத்துகினான். இது மொதல்லயே தோணியிருந்தா அத்தையே தேவைப்பட்டிருக்காது. இப்பத்தான் தோணுச்சி.

ஜெயவேலு

*

ககோஷிமா
22-10-1988

பெரியப்பா,

இதில் நலம் விசாரிப்பு எதுவும் இல்லை.

எரிமலை என்று நேராகச் சொல்லியிருந்தால்கூட அப்பா ஒரு நாள் சாப்பிடாமல் இருந்துவிட்டு யோசித்திருப்பார். இப்போது சுருட்டுப் பிடிக்கும் கிழவி வீட்டுக்குப் போக அனுமதி கேட்ட பெண்ணாகிவிட்டேன். அத்தையையும் நோகவைத்துவிட்டோம். அவர்கள் எனக்கு ஜடை பின்னியதைச் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் படித்துவிட்டு அன்று நான் வகுப்புக்குப் போகவில்லை.

என்னோடு படிக்கும் பதினோரு பேரின் படிவமும் வந்துவிட்டது. பலகையில் பெயர்ப் பட்டியல் ஒட்டியிருக்கிறார்கள். என் பெயருக்கு நேரே மட்டும் வெள்ளையாக இருக்கிறது. பேராசிரியர் தினமும் அதைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், ஒன்றும் கேட்பதில்லை. அவர் கேட்டால் பரவாயில்லை.

நீங்கள் எல்லாவற்றையும் விளையாட்டாக எடுத்துக்கொள்கிறீர்கள். காது போனதையே விளையாட்டாகத்தான் சொல்வீர்கள். 'உங்கப்பன் கொண்டாந்த சோத்துத் தூக்கு என் காதத் தின்னுட்சி' என்று தெருவில் போகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பீர்கள். அப்போது அப்பா எழுந்து உள்ளே போய்விடுவார். நீங்கள் அதைப் பார்த்ததே இல்லையா? நான் சின்ன வயதிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

படிவம் வரவில்லையென்றால் வரவில்லை. இனி எந்தத் தந்திரமும் வேண்டாம்.

சாமுண்டீஸ்வரி

*

கிழக்குத் தாம்பரம்
3-11-88

சாமு,

இதோட கையெழுத்து போட்ட பாரம் கீது. மொதல்ல அத வாத்தியார் கையில குட்த்துட்டு வா. அப்பால படி.

குட்த்துட்டியா?

நீ எழுதுனத நாலு தபா படிச்சேன். சின்னப்பன் ஸ்டாம்புக்கு நின்னுகினு இருந்தான், அவன அப்பால வாடான்னு சொல்லிட்டேன்.

மறுநாள் காலையில ராஜகீழ்ப்பாக்கத்துக்குப் போனேன். உங்கத்தை கதவத் தொறந்தா, வான்னு சொல்லல. வாசப்படியிலயே நின்னு எல்லாத்தையும் சொன்னேன். ஜப்பான்காரி யாரும் இல்ல, அது ஒரு மலை, நெருப்பு கக்குற மலை, அதுக்கு உன் பேர வெச்சது நாந்தான், பொண்ணு மேல தப்பில்லன்னேன். எதால அடிப்பாளோன்னு ஒரு அடி தள்ளியே நின்னுகினேன்.

போயி வெத்தலைய துப்பிட்டு வந்தா. அப்பால கேட்டா.

"எவ்ளோ பெருசு?"

"நம்ம பரங்கிமலைய ஒண்ணு மேல ஒண்ணா பத்துப் பன்னெண்டு அடுக்கணும்."

"அவ்ளோவா?"

"கப்பல்ல வர்றவனுக்குக்கூட தூரத்துலேர்ந்து தெரியுமாம்."

"ஊரே பயப்படுமா?"

"குடை புடிச்சிகினு பயப்படுது."

முந்தானையால மூஞ்சிய தொடச்சிகினா. "மொதல்லயே சொல்றதுக்கு இன்னா"ன்னா. சிரிச்ச மாதிரிதான் இருந்திச்சி, அவளுக்கு அவ்ளோதான் வரும். உடனே பொடவ மாத்திகினு என்னோட பஸ் ஏறுனா. வடகமும் வந்துச்சி.

உங்கப்பங்கிட்ட ரெண்டு பேருமா ஒக்காந்து சொன்னோம். மலைன்னதும் 'மாட்டேன்'னான். 'அண்ணன நான்தான் தூக்கிகினு வந்தேன், எனக்குத்தான் தெரியும்'னான். அப்பால சொன்னான், 'நான் அன்னிக்கி சோறு எடுத்துகினு போவாம இருந்திருந்தா, அண்ணேன்னு கூப்புடாம இருந்திருந்தா, அவரு டைமுக்கு ஓடியிருப்பாரு.'

இருபத்தெட்டு வருஷம் சாமு. நான் தமாசுக்கு சொன்னத அவன் நெசம்னு எடுத்து உள்ள வெச்சிகினு கீறான்.

அதனால இதுவரைக்கும் எவங்கிட்டயும் சொல்லாதத சொன்னேன். குவாரியில வேட்டுக்கு நெருப்பு வெச்சா சங்கு ஊதுவாங்க, ஓடிப் போயி பாறைக்குப் பின்னால ஒளிஞ்சிக்கணும். நான் ஓடிட்டேன். பத்திரமா ஒக்காந்துட்டேன். அப்பத்தான் கால பாத்தேன். செருப்பு இல்ல. பல்லாவரம் வெள்ளிக்கிழம சந்தையில அந்த வாரம்தான் வாங்குனது, புது தோல் செருப்பு. எடுக்கத் திரும்பிப் போனேன். அவ்ளோதான். உங்கப்பன் கூப்புட்டது எனக்கு கேக்கவே இல்ல, அவன் அப்பத்தான் தூரத்துல வந்துகினு இருந்தான். செருப்புக்காக காத வுட்டேன்னு சொன்னா ஊரு சிரிக்கும்னு சோத்து மேல போட்டேன்.

அவன் என்னப் பாத்தான். "செருப்புக்காகவா?"ன்னான். ஆமாண்டான்னேன். "எந்தக் காலு செருப்பு?"ன்னான். ரெண்டும்தாண்டா, ஒத்தச் செருப்ப வெச்சி இன்னா பண்றதுன்னேன். அப்ப சிரிச்சான் பாரு, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சான். அது எல்லாமே சிரிப்புத் தண்ணி இல்ல. எனக்குத் தெரியும்.

உங்கத்தை அந்த நேரம் பாத்து பாரத்த ரேடியோ அடியிலேர்ந்து உருவுனா. "தசரதா, என்ன நாப்பது வருஷமா பக்கத்துலயே வெச்சிகினு உசுரோடதானே கீறே. அவ அந்த அத்தைய நாலு நாள் பாத்துட்டு வரட்டும். போடு"ன்னா. போட்டான்.

அவன் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான். மலைய வுட்டு எறங்குனதும் தந்தி குடுக்கணும்.

நான் சொல்றதும் ஒண்ணு. அங்க சங்கு ஊதுனா ஓடு. எது வுழுந்தாலும் எடுக்கத் திரும்பாத.

ஜெயவேலு

*

ககோஷிமா
27-11-1988

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

போய்வந்துவிட்டேன். மூக்குக்குள் இன்னும் சாம்பல் இருக்கிறது.

அங்கே பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் எல்லாம் மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு போகின்றன. துணித் தொப்பி இல்லை, கல் விழுந்தாலும் தாங்குகிற கெட்டித் தொப்பி. எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். பேருந்து நிறுத்தம் மாதிரி ஆங்காங்கே கான்கிரீட் கூண்டு கட்டியிருக்கிறார்கள். பேருந்துக்காக இல்லை, ஒளிந்துகொள்ள.

மூன்றாம் நாள் மதியம் சரிவில் உட்கார்ந்து சாம்பலை அளந்துகொண்டிருந்தேன். முதலில் காலுக்கடியில் ஏதோ உருண்டது. வயிற்றில்தான் கேட்டது, காதில் இல்லை. பேராசிரியர் ஊதலை எடுத்தார். எல்லோரும் கூண்டுக்கு ஓடினோம். என் தோள்பை அறுந்து விழுந்தது. அதில் அத்தைக்காகப் பொறுக்கி வைத்த கல் இருந்தது. ஒரு நொடி கால் நின்றது, பெரியப்பா. பிறகு உங்கள் செருப்பு ஞாபகம் வந்தது. ஓடிவிட்டேன்.

அத்தை கால் மணி நேரம் கொட்டினார்கள். கூண்டின்மேல் கல் விழும் சத்தம், தகரக் கூரையில் புளியம்பழம் உதிர்கிற மாதிரி. எல்லாம் அடங்கியபின் போய்ப் பார்த்தேன். பை இருந்த இடம் தெரியவில்லை. கடற்கரையில் வேறு கல் எடுத்து வைத்திருக்கிறேன். தண்ணீரில் போட்டால் மிதக்கும். அத்தை நம்ப மாட்டார்கள்.

என்னை அறியாமல் 'அத்தை' என்றே சொல்லிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. இப்போது வகுப்பே அப்படித்தான் சொல்கிறது. பேராசிரியர் காலையில் வந்து வானத்தைப் பார்த்து, 'அத்தே இன்று எப்படி?' என்கிறார்.

இறங்கியதும் அப்பா சொன்னபடி தந்தி கொடுத்துவிட்டேன். ஆங்கில எழுத்தில், சுருக்கமாகத்தான் கொடுத்தேன்: 'அத்தை ஓவர். ஆல் சேஃப். சாமு.' கிடைத்ததும் எல்லோரும் நிம்மதியாகியிருப்பீர்கள்.

அன்புடன்
சாமு

*

கிழக்குத் தாம்பரம்
9-12-88

சாமுவுக்கு,

நிம்மதியாத்தான் கீறோம். இப்பத்தான் ஆனோம்.

தந்தி வந்தப்ப வூடு பூட்டிகினு இருந்திச்சி. உங்கப்பன் ஆபீசு. உங்கம்மா மாவு மிஷினு. நான் சவுரிமுத்து டீக்கடையில. தந்திக்காரன் பக்கத்து வூட்டு ஜீவரத்தினம் டீச்சர்கிட்ட குட்த்துட்டுப் பூட்டான். தந்தின்னா நம்ம தெருவுல இன்னா அர்த்தம்னு உனக்கே தெரியும். டீச்சர் நடுங்கிகினே பிரிச்சாங்க. 'அத்தை ஓவர். ஆல் சேஃப்.' இங்கிலீசு படிச்சவங்க, கரீட்டா அர்த்தம் பண்ணிகினாங்க. அத்தை முடிஞ்சிட்டாங்க, மத்தவங்களுக்கு ஒண்ணியும் இல்ல. பஸ்ல ஏதோ ஆக்சிடெண்டுன்னு அவங்களே ஒண்ணு சேத்துகினாங்க. கடைசியில சாமுன்னு கீதே, அத டீச்சர் சாமின்னு படிச்சிட்டாங்க. சாமிகிட்ட சேந்துட்டாங்களாம்.

அரை மணியில தெரு பூரா கூடிட்சி. சவுரிமுத்து அடுப்ப அணைச்சிட்டு என் தோள புடிச்சி, "அண்ணாத்தே, மனச தேத்திக்கோ, உன் தங்கச்சி பூட்டாங்க"ன்னான். நல்ல காது பக்கம்தான் சொன்னான். தந்திய நான் பாக்கல, என் கண்ணுல யாரு காட்டுனாங்க. டெம்போ ஏற்பாடு பண்ணி என்ன நடுவுல ஒக்கார வெச்சாங்க. பதினோரு பேரு. மூணு பூமாலை.

கேலி பண்ணாத சாமு, வேளச்சேரி ரோடு முழுக்க நான் அழுதுகினே போனேன். அவள எத்தினி தபா சீண்டியிருக்கேன்னு எண்ணிகினே போனேன். எண்ணி முடியல, ராஜகீழ்ப்பாக்கம் வந்திடுச்சி.

உங்கத்தை வாசல்ல ஒக்காந்து வடகத்துக்கு வெங்காயம் உரிச்சிகினு இருந்தா.

டெம்போவுலேர்ந்து ஒருத்தனும் எறங்கல. நான் மட்டும் எறங்கிப் போயி, செருப்ப கழட்டிட்டு, அவ முன்னால ஒக்காந்து, கையத் தொட்டுப் பாத்தேன். சூடா இருந்திச்சி. வெங்காய நாத்தம் அடிச்சிச்சி. மறுபடியும் அழுதுட்டேன்.

"இன்னா அண்ணே?"ன்னா. ஆசையாத்தான் கேட்டா. அப்பால தலைய தூக்கி டெம்போவப் பாத்தா. "மாலை யாருக்கு?"

டெம்போவுல எங்க கூட வந்த டீச்சர்தான் தந்திய எடுத்து நீட்டுனாங்க. அப்பத்தான் நான் மொத தபா பாத்தேன். 'சாமு'ங்கறத நானே கூட்டிப் படிச்சிட்டேன். படிச்சதும் எனக்கு வவுத்துலேர்ந்து சிரிப்பு கெளம்பிச்சி. அடக்கியிருக்கணும். எனக்கு எப்ப அடக்க வந்திருக்கு?

"நீ செத்துட்டேன்னு தந்தி வந்துச்சி அங்காளம்"னேன்.

"எங்கேர்ந்து?"

"ஜப்பான்லேர்ந்து."

நீ எழுதுன மாதிரியே மொதல்ல காலுக்கடியில ஏதோ உருண்டுச்சி. வவுத்துலதான் கேட்டது. அப்பால வெங்காயக் கூடை வந்துச்சி. முறம் வந்துச்சி. ஒலக்கைய அவ தேடறத பாத்தேன். டெம்போக்காரன் அவன்பாட்டுக்கு வண்டிய எடுத்துட்டான், மாலையெல்லாம் ரோட்டுல. நான் பின்னாலயே கேம்ப் ரோடு வரைக்கும் ஓடுனேன். இந்த வயசுல என்ன மாதிரி ஓடினவன் யாரும் கீறானான்னு உங்க வாத்தியார அளக்கச் சொல்லு.

மிதக்குற கல்ல நீயே வந்து குடு. அது வரைக்கும் நான் அந்தப் பக்கம் போறதா இல்ல.

செருப்பு இன்னும் அவ வாசல்லதான் கீது. எடுக்கத் திரும்பல.

ஜெயவேலு